உங்கள் மெயில் எது, திருடன் மெயில் எது?

எங்கள் வீட்டுப் பையன் மூன்று வருடமாக ஆடிவந்த இணைய விளையாட்டின் நிறுவனத்தாருக்கு,



நான் கோவில்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கூடவே இரண்டு கம்ப்யூட்டர். ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், பட்டா நகல், ஹால் டிக்கெட், ரயில் டிக்கெட் என்று காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து இரவு இறக்கும்வரை அடுத்தவர்களுடைய பாஸ்வேர்டும் ஓடிபியும் என் கண் முன்னால் போய்வந்துகொண்டே இருக்கும். 14 வருடத் தொழில். யாராவது பாஸ்வேர்டு அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது. விவரம் தெரியாத ஒருத்தி எழுதுகிறாள் என்று இந்த மடலை நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

என் அண்ணன் மகனுக்கு 14 வயது. அண்ணன் லாரி ஓட்டுகிறார். தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்பிவரப் பத்து நாளாகும். அவருடைய பழைய போன் பையனிடம் இருக்கிறது. அண்ணனுடைய ஜிமெயிலை வைத்துத்தான் உங்கள் விளையாட்டில் ஐடி போட்டிருந்தான். எங்கள் பக்கம் பல வீடுகளில் இப்படித்தான். பிள்ளைக்கென்று தனி மெயில் இருக்காது. அப்பாவுடைய மெயிலிலோ அம்மாவுடைய மெயிலிலோ விளையாட்டும் இருக்கும், வங்கிச் செய்தியும் இருக்கும், ஆதார் நகலும் இருக்கும்.

ஒரு புதன்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு அவனுக்கு ஒரு மெயில் வந்தது. உங்கள் பெயர், உங்கள் சின்னம், உங்கள் நிறம். ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அவனுடைய ஐடியில் தடைசெய்யப்பட்ட மென்பொருள் பயன்படுத்தியதாகப் புகார் வந்திருக்கிறது, 24 மணி நேரத்துக்குள் விளக்கம் தராவிட்டால் ஐடி நிரந்தரமாக முடக்கப்படும் என்பது அதன் சாரம். கீழே ஒரு சிவப்பு பட்டன்.

ஹாக் என்கிற அந்த மாதிரி மென்பொருள் எதையும் அவன் போட்டதில்லை. போட்டவனாக இருந்தால் பயந்து சும்மா இருந்திருப்பான். போடாத பிள்ளைதான் செய்யாத குற்றத்தை இல்லை என்று சொல்ல ஓடும். அவன் வகுப்பில் ஒரு பையனுடைய ஐடியை நீங்கள் நிஜமாகவே அதற்கு முந்தின மாதம் முடக்கியிருந்தீர்கள். அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது. அமுக்கினான். உங்கள் பக்கத்தைப் போலவே ஒரு பக்கம் திறந்தது. கூகுள் கணக்கைக் கொண்டு உள்ளே வரச் சொல்லி ஒரு சின்னப் பெட்டி. மெயில் முகவரியை அடித்தான், பாஸ்வேர்டை அடித்தான். அதே நிமிடம், நாக்பூர் பக்கம் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தியிருந்த அண்ணனுடைய போனில், உள்ளே வருவது நீங்கள்தானா என்று கேட்டு அறிவிப்பு வந்தது. இவன் போன் போட்டான். "அப்பா, போன்ல ஒண்ணு வந்திருக்கும், ஆமான்னு அமுக்குங்கப்பா. இல்லன்னா என் ஐடி போயிரும்." அண்ணன் அமுக்கினார். அழுகிற குரலில் மகன் கேட்கும்போது எந்த அப்பாவும் அமுக்கத்தான் செய்வார்.

மறுநாள் காலை நான் கடை திறக்க வரும்போது ஷட்டர் முன்னால் பள்ளிச் சீருடையில் உட்கார்ந்திருந்தான். "அத்தை, என் ஐடி போச்சு" என்றான். அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

முதலில் ஜிமெயிலை மீட்டோம். அதில் எங்கள் அம்மாவின் கடைசிப் படங்கள் இருந்தன, லாரியின் காப்பீட்டுப் பத்திரம் இருந்தது. பழைய போன் எண் கையில் இருந்ததால் மத்தியானத்துக்குள் திரும்பக் கிடைத்துவிட்டது. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் புகாரைப் பதிந்து எண்ணும் வாங்கிக்கொண்டோம். உங்கள் விளையாட்டின் ஐடி மட்டும் கிடைக்கவில்லை. வந்தவன் அதை வேறொரு கணக்கோடு இணைத்துவிட்டுப் போயிருந்தான். உங்கள் ஏட்டில் இன்று அவன்தான் சொந்தக்காரன்.

அந்த ஐடியில் 3,850 ரூபாய் போயிருக்கிறது. பொங்கலுக்குத் தாத்தா கொடுத்தது, கோயில் கொடைக்கு மாமா கொடுத்தது, மதினி கடைக்கு அனுப்பும்போது மிச்சம் பிடித்தது. நோட்டாகவும் சில்லறையாகவும் என்னிடம் கொண்டுவந்து கொடுப்பான், நான் என் போனிலிருந்து டாப்-அப் போட்டுவிடுவேன். ஒவ்வொன்றும் தேதியோடு என் கடை நோட்டில் இருக்கிறது.

உங்கள் உதவிப் பிரிவுக்கு ஆறு முறை எழுதினேன். வாங்கியதற்கான ரசீது மெயிலை அனுப்புங்கள் என்றீர்கள். அந்த மெயில்களையெல்லாம் திருடன் அழித்துவிட்டான் என்றேன். என் யுபிஐ பரிவர்த்தனை எண்களை வரிசையாக டைப் அடித்து அனுப்பினேன். கணக்கின் பெயரோடு என் பெயர் பொருந்தவில்லை என்று தள்ளினீர்கள். ஒரு பதிலில்கூட மனிதப் பெயர் இல்லை. ஆறாவது பதிலில், கணக்கின் பாதுகாப்பு பயனாளியின் பொறுப்பு என்று ஒரு வரி எழுதிப் புகாரை மூடிவிட்டீர்கள்.

அந்த வரியோடு நானும் விட்டிருப்பேன். ஆனால் சரியாக 19 நாள் கழித்து, மீட்ட அந்த ஜிமெயிலுக்கு உங்களிடமிருந்தே ஒரு மெயில் வந்தது. இது உண்மையாகவே நீங்கள் அனுப்பியது, சரிபார்த்துவிட்டேன். பரிசு ஒன்று காத்திருக்கிறது, 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும், உடனே உள்ளே வந்து பெற்றுக்கொள்ளவும் என்றது. கீழே சிவப்பு பட்டன்.

இரண்டு மெயிலையும் ஏ4 தாளில் கலர் பிரிண்ட் எடுத்துக் கவுண்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சின்னம் ஒன்று, நிறம் ஒன்று, அவசரம் ஒன்று. இரண்டிலும் பையனுடைய பெயர் இல்லை, "அன்புள்ள ஆட்டக்காரரே" என்றுதான் இருந்தது. உங்கள் பட்டனுக்குப் பின்னால் இருந்த லிங்க்கைப் பார்த்தேன். அதிலும் உங்கள் தளத்தின் முகவரி இல்லை. மெயில் அனுப்பிக் கொடுக்கும் வேறொரு கம்பெனியின் முகவரி, அதன் வாலில் நூறு எழுத்துக்கு மேல் புரியாத கூட்டம். யார் அமுக்கினார்கள் என்று நீங்கள் கணக்கெடுப்பதற்காக அந்த ஏற்பாடு. திருடன் அனுப்பியதிலோ லிங்க் உங்கள் பெயரோடு ஆரம்பித்தது. பிராஜெக்ட் பைண்டிங் போட வந்த இன்ஜினியரிங் மாணவன் ஒருவனிடம் இரண்டு தாளையும் காட்டி, இதில் எது போலி என்று கேட்டேன். வெகுநேரம் பார்த்துவிட்டு உங்கள் மெயிலின் மேல் விரலை வைத்தான்.

என் மனக்குறை இதுதான். மெயிலில் வருகிற பட்டனை அவசரமாக அமுக்க அந்தப் பிள்ளைக்கு மூன்று வருடமாகச் சொல்லிக்கொடுத்தது நீங்கள். இன்றைக்குள், இந்த மணிக்குள், இல்லையென்றால் போய்விடும் என்று வாரத்துக்கு இரண்டு முறை பழக்கினீர்கள். அந்தப் பழக்கத்தைத்தான் திருடன் எடுத்துக்கொண்டான். அவன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஊழியரைப் போலப் பேசிப் பாஸ்வேர்டு வாங்குகிற இந்தத் தூண்டில் வேலை 1990களின் நடுவிலேயே அமெரிக்காவில் ஏஓஎல் இணையச் சேவையில் நடந்தது. ஃபிஷிங் என்ற சொல்லே அந்தக் காலத்தில் புழக்கத்துக்கு வந்ததுதான். முப்பது வருடமாகத் தெரிந்த திருட்டுக்கு 14 வயதுப் பையனைப் பொறுப்பாளி ஆக்குகிறீர்கள்.

உங்கள் உதவிப் பக்கத்தில் ஓர் அறிவுரை போட்டிருக்கிறீர்கள். போலி மெயிலில் எழுத்துப் பிழையும் இலக்கணப் பிழையும் இருக்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று. தமிழ் மீடியத்தில் படிக்கிற பிள்ளை ஆங்கில மெயிலில் இலக்கணப் பிழையை எப்படிக் கண்டுபிடிக்கும்? அவனுக்கு அதில் புரிந்ததே 24 மணி நேரம், ஐடி, முடக்கம் என்ற மூன்று சொற்கள்தான். இப்போது எந்தத் திருடனும் மெஷினைக் கொண்டு பிழையில்லாமல் ஆங்கிலம் எழுதிக்கொள்ள முடிகிறது. அந்த அறிவுரையைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பிழை இல்லாத மெயில் வந்தால் நல்ல மெயில் என்று நம்ப வைத்துவிடுகிறது.

என் கவுண்டருக்கு இந்த ஒரு வருடத்தில் இப்படி ஐடியைப் பறிகொடுத்துவிட்டு வந்த பிள்ளைகள் பல பேர். நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது வேறு மாதிரி. ஒரு தபால் கவரை எடுத்து முன்னால் வைப்பேன். "தபால்காரர் இதை எங்கயிருந்துய்யா படிப்பாரு?" பின்கோடு, ஊர் என்று கீழிருந்து மேலே போவார் என்று பிள்ளைகள் சொல்வார்கள். கதவு எண்ணும் தெருப் பெயரும் எந்த ஊரிலும் இருக்கலாம். மேல வீதி என்று எழுதியிருப்பதால் அது நம்ம ஊர் மேல வீதி ஆகிவிடாது. இணைய முகவரியும் அதே முறைதான். https:// என்பதை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வருகிற முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக இருக்கிற பெயரும், அதை ஒட்டிய டாட் காமும் சேர்ந்ததுதான் ஊர். அதற்கு முன்னால் புள்ளி புள்ளியாக வருவதெல்லாம் வெறும் தெருப் பெயர், அந்த ஊர்க்காரன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்வது. எங்கள் பையனுக்கு வந்த லிங்க்கில் முதலில் உங்கள் பெயர் இருந்தது, ஒரு புள்ளி, அப்புறம் அக்கவுண்ட், ஒரு சிறு கோடு, ரிவியூ, டாட் காம். ஊரின் பெயர் அக்கவுண்ட்-ரிவியூ. அந்த ஊர் உங்களுடையது இல்லை. சில நூறு ரூபாய் கொடுத்தால் யாரும் அப்படி ஒரு பெயரை வாங்கிவிடலாம்.

எழுத்தையும் உற்றுப் பார்க்கச் சொல்வேன். ஆங்கிலச் சின்ன எழுத்தில் ஆர் (r), என் (n) இரண்டையும் ஒட்டி அடித்தால் போன் திரையில் அது எம் (m) போலத் தெரியும். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினால் பிள்ளைகள் "அட" என்று திரைக்குப் பக்கத்தில் வந்து பார்ப்பார்கள். ரஷ்ய எழுத்தில் ஆங்கில ஏ போலவே இருக்கிற ஒன்றும் உண்டு. அதை எத்தனை பெரிதாக்கினாலும் கண்ணால் பிரிக்க முடியாது. அதனால்தான் பிரவுசரில் பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருப்பவர்களிடம் ஒன்று சொல்கிறேன். வழக்கமாகத் தானே வந்து விழுகிற பாஸ்வேர்டு ஒரு பக்கத்தில் விழவில்லை என்றால் கையால் அடிக்காதே. பிரவுசர் முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பாஸ்வேர்டை நிரப்பும்.

பூட்டுச் சின்னத்தைப் பார்த்தேன், அதனால் நம்பினேன் என்று பல பிள்ளைகள் சொல்கிறார்கள். போகிற வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. வழியின் மறுமுனையில் உட்கார்ந்திருப்பவன் யோக்கியனா என்று அது சொல்லாது. அந்தச் சான்றிதழ் இன்று இலவசமாகவே கிடைக்கிறது, திருடனுக்கும் கிடைக்கிறது.

பையன் பாஸ்வேர்டு அடித்த அந்தச் சின்னப் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தனி ஜன்னலாகத் தெரிகிற அது சில சமயம் ஜன்னலே கிடையாது. பக்கத்துக்குள்ளேயே வரைந்த படம். மேலே தெரிகிற கூகுள் முகவரியும் பூட்டும் அந்தப் படத்தின் பகுதிதான். 2022இல் இந்த உத்தி வெளியே தெரியவந்தது, அதே வருடம் ஸ்டீம் என்ற விளையாட்டுத் தளத்தின் ஆட்டக்காரர்கள் மேல் பிரயோகமானது. கம்ப்யூட்டரில் அந்தப் பெட்டியைப் பிடித்து இழுத்துப் பார்த்தால் பிரவுசரின் விளிம்பைத் தாண்டி வராது. அசல் ஜன்னல் வரும். இதைக் கடையில் செய்து காட்டுகிறேன். ஆனால் எங்கள் பிள்ளைகள் ஆடுவது போனில். போனில் இழுத்துப் பார்க்க வழியில்லை. மெயில் வாசிக்கிற திரையில் அனுப்பியவரின் பெயர் மட்டும்தான் தெரியும், பக்கத்துச் சின்ன அம்புக்குறியைத் தட்டினால்தான் முகவரியே வெளியே வரும். அதனால் கடைசியில் ஒரே வழியைத்தான் சொல்கிறேன். மெயிலில் என்ன வந்திருந்தாலும் அதை மூடு. விளையாட்டை நேராகத் திற. நிஜமான புகார் என்றால் உள்ளே இருக்கிற அஞ்சல் பெட்டியில் அது இருக்கும்.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உங்கள் மேல்தான் ஆற்றாமையாக வருகிறது. அந்த அஞ்சல் பெட்டி உங்களிடம் இருக்கிறது. தினமும் அதில் பரிசும் அறிவிப்பும் போடுகிறீர்கள். முடக்கம், புகார், பாஸ்வேர்டு மாற்றம் எதுவானாலும் விளையாட்டுக்குள்ளேதான் சொல்வோம், எங்கள் மெயிலில் லிங்க்கே இருக்காது என்று நீங்கள் அறிவித்துவிட்டால், லிங்க் உள்ள மெயில் எல்லாம் போலி என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒரே நாளில் புரிந்துவிடும். நான் தபால் கவரை எடுத்துக்காட்ட வேண்டியதே இல்லை. பட்டன் வைத்தால் அமுக்குகிறவர்கள் அதிகம் என்ற கணக்குக்காக இதை நீங்கள் செய்யாமல் இருக்கிறீர்கள்.

மற்றவர்கள் செய்திருக்கிறார்கள். ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் 2015 டிசம்பரில் தன் வாயாலேயே சொன்னது, மாதம் சுமார் 77,000 கணக்குகள் திருடுபோகின்றன என்று. பறிகொடுத்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை, தொழில்முறை ஆட்டக்காரர்களும் அவர்களில் இருக்கிறார்கள் என்றும் சேர்த்தே எழுதியது. குற்றத்தை ஆட்டக்காரர் தலையில் கட்டவில்லை. போன் செயலியில் உறுதிசெய்யாத விளையாட்டுப் பொருள் பண்டமாற்றுகளை நாள்கணக்கில் நிறுத்திவைக்கும் முறையைக் கொண்டுவந்தது. பிறகு அதை 15 நாளாக்கியது. எங்கள் பையனுடைய ஐடியை வேறு கணக்கோடு இணைக்க உங்களிடம் சில நிமிடம் போதுமாக இருந்தது. ஒரு வாரம் நிறுத்திவைத்து, பழைய மெயிலுக்கும் விளையாட்டுக்குள்ளும் தகவல் சொல்லியிருந்தால், மறுநாள் மத்தியானமே நாங்கள் வந்து தடுத்திருப்போம்.

இரட்டைப் பூட்டுப் போட வைப்பதற்கும் வழி தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் நடத்துகிற பிளிசார்டு 2008இல் தனிச் சாவிக்கருவியைக் கொண்டுவந்தது, அதை இணைத்தவர்களுக்கு விளையாட்டுக்குள் இரண்டு தலை நாய்க்குட்டி ஒன்றைக் கொடுத்தது. ஃபோர்ட்நைட்டில் 2018இல் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கியவர்களுக்கு ஒரு நடன அசைவை இலவசமாகக் கொடுத்தார்கள். பிள்ளைகள் தாங்களே தேடிப்போய்ப் பூட்டுப் போட்டுக்கொண்டார்கள். உங்கள் விளையாட்டில் வாரத்துக்கு ஒரு புதுச் சட்டை, ஒரு புதுத் துப்பாக்கி ஸ்கின் விற்கிறீர்கள். அதில் ஒன்றை இதற்குத் தாருங்கள்.

அதோடு, எங்கள் அண்ணன் போனில் ஆமாம் என்று அமுக்கியதை நினைத்துப் பாருங்கள். இரட்டைப் பூட்டு இருந்தும் திறந்துவிட்டது. பையன் அடித்ததைத் திருடன் அந்தப் பக்கத்திலிருந்து உடனுக்குடன் கூகுளிடம் அடித்துக்கொண்டிருந்தான், அதனால் உறுதிகேட்ட அறிவிப்பும் நிஜமாகவே வந்தது. ஓடிபி எண்ணாக இருந்தாலும் இதே கதைதான். பாஸ்கீ என்று இப்போது வந்திருப்பது இந்த வலையில் விழாது, அது உருவாக்கப்பட்ட தளத்தைத் தவிர வேறு முகவரியில் வேலையே செய்யாது. அதை உங்கள் விளையாட்டிலும் வையுங்கள்.

எச்சரிக்கையைத் தமிழில் போடுங்கள். விளையாட்டுக்குள் இருக்கிற கடையின் விளம்பரத்தைத் தமிழில் போடத் தெரிகிற உங்களுக்கு, பாஸ்வேர்டு கேட்க மாட்டோம் என்ற ஒரு வரியைத் தமிழில் போடுவது பாரமில்லை. இப்போது அது ஆங்கிலத்தில், மெயிலின் அடியில், சாம்பல் நிறத்தில் எறும்பளவு எழுத்தில் இருக்கிறது. 18 வயது நிரம்பாதவர்கள் பெற்றோர் சம்மதத்தோடு ஆட வேண்டும் என்று உங்கள் விதிமுறையிலேயே இருக்கிறது. 2023இல் வந்த நம் நாட்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றுதான் சொல்கிறது. உங்கள் மெயிலைப் படிப்பது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

திருடியவனுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, 66டி பிரிவுகளில் மூன்று வருடம் வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. பணம் போயிருந்தால் 1930 எண்ணுக்கு உடனே போன் போட வேண்டும் என்று கடைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அந்த வேலையைக் காவல்துறை பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது உங்களிடம் இருக்கிறது.

பையன் இப்போது விளையாடுவதில்லை. சாயங்காலம் கடைக்கு வந்து தாள் அடுக்கித் தருகிறான். போன வாரம் தலையைக் குனிந்துகொண்டே, "நான்தானே அத்தை அமுக்கினேன்" என்று சொன்னான். அவனுடைய அப்பா ஒருநாளும் அவனைத் திட்டவில்லை, நானும் திட்டவில்லை. உங்கள் ஆறாவது பதிலை அவன் தானே திறந்து, அகராதி வைத்துக்கொண்டு படித்திருக்கிறான்.

அதனால் அந்தப் பதிலைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்கிறேன். என் கடை நோட்டின் பக்கங்களையும் யுபிஐ எண்களையும் சைபர் புகார் எண்ணையும் மறுபடி அனுப்பத் தயாராக இருக்கிறேன். ஒரு மனிதர் உட்கார்ந்து அவற்றைப் பார்க்கட்டும். பார்த்துவிட்டு அவனுக்குத் தமிழில் எழுதுங்கள், கீழே எழுதியவர் பெயரைப் போடுங்கள். மெயிலில் பட்டன் வேண்டாம், லிங்க் வேண்டாம். வெறும் எழுத்து போதும், அவன் படித்துக்கொள்வான்.

இப்படிக்கு,
அவனுடைய அத்தை,
கோவில்பட்டி